மரிக்கொழுந்துப் பாறை

கள்ளக்குறிச்சியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று மணி நேரமாவது பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டே இது இன்ன கடல்பாசி என்று சொல்லிவிடுகிற ஆள் ஒருவன் இருக்கிறான். அவன் பேராசிரியர் இல்லை. ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் லேப் அட்டெண்டர். பெயர் கரியன், வயது நாற்பத்தாறு, ஊர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே. கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

வருஷா வருஷம் ஜனவரியில் துறையிலிருந்து ஒரு பஸ் மண்டபம் பக்கம் போகும். கல்விச் சுற்றுலா என்று பெயர். நாற்பது மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், நாலு பிளாஸ்டிக் வாளி, ஒரு கரியன். கடலைக் கண்டதும் மாணவர்கள் செல்போனை எடுப்பார்கள், கரியன் வேட்டியை மடித்துக் கட்டுவான். ஒவ்வொருவரும் பத்துப் பாசிகளைத் தாளில் படியவைத்து, தேர்வன்று வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளரிடம் காட்ட வேண்டும். நாற்பது பேருக்கு நானூறு தாள். துறைத் தலைவர் தெய்வசிகாமணி இதில் ஒரு கறாரான விதி வைத்திருந்தார். நிலத்துச் செடியை வேரோடு எடுப்பது மாதிரி, பாசியையும் பாறையைப் பற்றியிருக்கிற அடிப்பகுதியோடு எடுக்க வேண்டும். அடி இல்லாத தாளுக்கு மதிப்பெண் இல்லை.

அடியோடு பெயர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பாசி பாறையை அப்படி இறுக்கிக்கொண்டிருக்கும். மாணவர்கள் இழுத்தால் பாதியில் அறுந்து கையோடு வரும். கரியனிடம் மலையில் கிழங்கு தோண்டுகிற இரும்புக் குத்துக்கோல் ஒன்று இருந்தது. அதன் நுனியைப் பாறைக்கும் பாசிக்கும் நடுவே கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் பாசி முழுசாக வந்துவிடும். வழவழவென்ற மெல்லிய பச்சை இலைக்குக் கீரை என்றும், குட்டிக் குட்டி உருண்டையாகக் கொத்துக்கொத்தாக இருப்பதற்கு மிளகுக்கொத்து என்றும், வரிவரியாக விரிந்ததற்கு விசிறி என்றும் அவனே பெயர் வைத்துக்கொண்டான். வாயில் நுழையாத பெயர்களும் அவனுக்குத் தெரியும், லேபிள் ஒட்டி ஒட்டிப் பழகியது. பச்சை, பழுப்பு, சிவப்பு என்று மூன்று குடும்பம். சிவப்புக் குடும்பத்துப் பாசி சில நேரம் வெயிலில் வெளிறிப் பச்சையாகவும் மஞ்சளாகவும் நின்று ஆளை ஏமாற்றும். மாணவர்கள் ஏமாறுவார்கள், ஆசிரியர்களும் ஏமாறுவார்கள். கரியன் விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது செவப்புங்க, நெறத்த நம்பாதீங்க" என்பான்.

ஊருக்கு வந்ததும் தட்டில் தண்ணீர் ஊற்றி, பாசியை மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து, ஒவ்வொரு கிளையாகக் கோழியிறகால் விரித்துவிட்டு மெதுவாகத் தூக்குவான். பசை வேண்டாம், பாசி தன் பிசினிலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். அந்த வேலை நடக்கும்போது யாராவது கதவை வேகமாகத் திறந்தால் மட்டும் அவனுக்குக் கோபம் வரும்.

எல்லாப் பாசியிலும் அவனுக்குப் பிடித்தது மரிக்கொழுந்துப் பாசி. அந்தக் கரைக்காரர்கள் வைத்த பெயர் அது. பூக்கடை மரிக்கொழுந்து போலவே மெல்லிசாகக் கிளை விட்டு அடர்ந்து கிடக்கும். அதற்கென்று அந்தக் கரையில் ஒரு பாறை இருந்தது, இரண்டு கட்டில் அகலம் இருக்கலாம். கடல் வற்றும்போது வெளியே தலை காட்டும். துறையில் புதிதாகச் சேர்ந்த ஜெபீனா மேடம்தான் அந்தப் பாசியின் கதையைச் சொன்னாள். அவளுடைய அத்தா முகம்மது கவுஸுக்குக் கடைவீதியில் மளிகைக் கடை. ஒரு ரம்ஜான் மாதம், நோன்பு திறக்கச் செய்ததென்று ஒரு டப்பாவில் ரோஸ் நிறத்தில் வெட்டி வைத்த கடல்பாசியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பால் விட்டுக் காய்ச்சி உறையவைத்தது, வாயில் வைத்ததும் குளிர்ந்தது.

"இது இன்னா தெரியுமா கரியண்ணா? நீங்க பேத்துக்கினு வர்றீங்களே மரிக்கொழுந்து, அத வேக வெச்சு எடுக்கிற சத்துலதான் இத செய்றாங்க."

கரியனால் நம்பவே முடியவில்லை. வீட்டுக்குப் பாதியைக் கொண்டுபோய் மாரிக்குக் கொடுத்தான். மாரி அவன் மனைவி. கடலையே பார்க்காதவள், அன்றைக்குக் கடலைத் தின்றாள்.

இனி அந்த மனுஷன் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். சொல்லும்போது சிரிப்பும் வருகிறது, மனசும் கனக்கிறது.

மலையில் கிழங்கு எடுக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்டுவள்ளியைத் தோண்டினால் கிழங்கு முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியை நாலு விரல் அளவு நறுக்கி, அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுத்தான் நகர்வார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் போகிறவனுக்கு அடுத்த வருஷம் காடு எதையும் காட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. கரியனுக்கு இது நடக்கப் பழகியபோதே பழகியது. அதனால் கடற்கரையிலும் அப்படியே செய்தான். மாணவர்கள் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிற நேரத்தில் தனியாகப் போய், தாளுக்கு வேண்டியது போக மிச்சமிருக்கிற அடிப்பகுதிகளை நறுக்கி, பாறையோரத்து ஈர மணலில் குத்துக்கோலால் வரிசையாகக் குழி போட்டு நட்டு மூடுவான். ஒரு வருஷம் தவறியதில்லை. இதை யாரிடமும் சொன்னதும் இல்லை. சொல்ல இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

கடல்பாசிக்கு வேர் கிடையாது என்று அந்தத் துறையில் வருஷம் தவறாமல் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தினார்கள். பக்கத்து அறையில் கரியன் குழாயைத் திறந்துவைத்துக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தான். படித்தவர்கள் அவனை வாளி தூக்கச் சொன்னார்களே ஒழிய, வா, வந்து பின்பெஞ்சில் உட்கார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கொரோனா வந்து இரண்டு வருஷம் சுற்றுலா நின்றது. மூன்றாம் வருஷம் போனபோது மரிக்கொழுந்துப் பாறை கால் வைக்க இடமில்லாமல் மண்டிக் கிடந்தது. கரியனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் நட்டதெல்லாம் பிழைத்துக்கொண்டது என்று நினைத்தான். அந்தத் தெம்பில் அவ்வருஷம் இரண்டு வாளி கூடுதலாகப் பெயர்த்தான், இன்னும் ஆழமாகக் குழி போட்டு இன்னும் பத்திரமாகப் புதைத்தான். அடுத்த ஜனவரியில் போய்ப் பார்த்தால் பாறை மொட்டையாக இருந்தது. இடுக்குகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிக்கொண்டிருந்ததைத் தவிர ஒன்றுமில்லை. அந்தக் கொஞ்சத்தையும் மார்க்குக்காகப் பெயர்க்க வேண்டியிருந்தது. பெயர்த்துவிட்டு, வழக்கம்போல மணலில் உட்கார்ந்து புதைத்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, என்னத்தப் பொதைக்கிறிய? ஏதும் கழிப்புக் கழிக்கிறியளா?"

திரும்பினால் ஒரு பெண் நின்றிருந்தாள். சேலைக்கு மேல் சட்டை, கையில் துணி சுற்றிய விரல்கள், இடுப்பில் வலைப்பை. ராக்கு என்று பெயர். கடலில் மூழ்கிப் பாசி எடுத்து விற்கிற பெண்களில் ஒருத்தி. கரியன் தன் ஊர் வழக்கத்தை விளக்கினான். ராக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அலை ஒதுக்கியிருந்த ஒரு பாசியை எடுத்துக் காட்டினாள். அதன் அடி ஒரு கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டிருந்தது.

"பாருங்கண்ணே, இது வேரு இல்ல. பாறையப் புடிச்சுக்கிடுற கை. சோறு தண்ணி எல்லாம் ஒடம்பு பூரா கடல்லேருந்து எடுத்துக்கிடும். இத மண்ணுக்குள்ள போட்டா மூச்சு முட்டிச் செத்துரும்."

கரியன் அதை வாங்கி, கல்லைக் கவ்விய அடியை விரலால் தடவிப் பார்த்தான்.

"நாங்க நுனியத்தேன் ஒடிப்போம். அடியத் தொட மாட்டோம், அது திரும்பத் துளுத்துக்கிடும். மாசத்துல பாதி நாளு கடலுக்கே போறதில்ல, அது வளரணும்ல. இந்தப் பாறைய யாரோ ஒரு பாவி வழிச்சுட்டுப் போயிட்டான். ஆருன்னுதேன் தெரியல."

பாவி அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் போன பிறகு புதைத்ததையெல்லாம் கையாலேயே தோண்டி எடுத்தான். எடுத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீரில் விட்டான். அலை அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து அவன் காலடியிலேயே போட்டது.

கரியனுக்குக் கச்சிராயபாளையத்தில் வாடகை வீடு. மலையில் இருந்த பங்கை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுவிட்டு இறங்கி வந்து இருபது வருஷம் ஆகியும் மாரிக்கு அந்தக் குறை தீரவில்லை. வாசலில் பெயின்ட் டப்பாக்களில் கீரையும் மிளகாயும் வைத்திருந்தாள். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், "காலுக்குக் கீழ நமக்குன்னு ஒரு புடி மண்ணு இல்ல" என்பாள். அந்த வாரம் கரியன் சரியாகச் சாப்பிடவில்லை. மாரி கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னான்.

"அத்தினி வருசமும் நட்டுட்டு வந்தன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உசுரோட பொதச்சிட்டு வந்திருக்கேன் மாரி."

தெரியாமல் செய்ததற்குக் காடு கோபித்துக்கொள்ளாது என்று மட்டும் மாரி சொன்னாள். கடலைப் பற்றி அவளுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கரியனுக்கு வேறு ஆசையே இல்லாமல் போனது. அந்தப் பாறை திரும்ப மூட வேண்டும், அதுவரை அதன்மேல் எந்த இரும்பும் படக்கூடாது. கொரோனாவில் அது தானாகவே வளர்ந்தது, யாரும் வராததால் வளர்ந்தது என்று இப்போது புரிந்தது. ஜெபீனாவிடம் போய் நின்றான்.

"கரியண்ணா, மூணு வருசமா நான் உங்ககூட வர்றேன். சோத்து நேரத்துல நீங்க எங்க போறீங்கன்னு ஒரு நாளு கேட்டிருக்கலாம்" என்றாள் அவள். "அடியோட எடுங்கன்னு பசங்களுக்கு எழுதிப் போட்டதும் நான்தான். இதுல உங்க தப்பு மட்டும் இல்ல."

இருவரும் தெய்வசிகாமணியிடம் போனார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். தேர்வாளர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்கிற பயத்திலேயே முடி கொட்டியவர்.

"அடி இல்லாம ஷீட் வெச்சா என்னைக் கேப்பாங்கம்மா. போன தடவையே அந்த ஆளு பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தான்."

"அடியோடவே கொண்டாரன் சார்," என்றான் கரியன். "பாறையத் தொடாம. அல ஒதுக்கிப் போடுறதுல கல்லோட, சிப்பியோட புடிச்சிக்கினே வர்றது கெடைக்கும். அத பொறுக்கிக்கலாம்."

"நானூறும் கெடைக்குமா?"

"கெடைக்கும் சார்" என்றான். கிடைக்குமா என்று அவனுக்குத் தெரியாது.

"கெடைக்கலன்னா பழையபடிதான். பாத்துக்க" என்றார் அவர்.

அடுத்த ஜனவரி விடிகாலையில் பஸ் கரையில் நின்றபோது கடல் குளம் மாதிரி கிடந்தது. நாலு நாளாகக் காற்றே இல்லையாம். கரையில் ஒதுங்கியது என்று பார்த்தால் நாலு செருப்பும் ஒரு தேங்காய் மட்டையும்தான். கரியன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிழக்கே நடந்தான். ஒரு மைல் தாண்டி, கரை வளைகிற இடத்தில் முந்தைய வாரம் அலை ஒதுக்கிய பாசி காய்ந்து குவியலாகக் கிடந்தது. எல்லோரும் மண்டிபோட்டுக் கிளறினார்கள். சிப்பியைக் கவ்விய கஞ்சிப்பாசி, பவளத்துண்டைக் கவ்விய பக்கோடாப் பாசி, கல்லோடு வந்த கட்டக்கோரை என்று ஒவ்வொன்றாகக் கிடைத்தது. மாணவர்களுக்கே அது விளையாட்டாகிவிட்டது. ஒருவன் கையில் எடுத்துவிட்டு, "அண்ணே, இது செவப்புதான, நெறத்த நம்பக்கூடாதுல்ல" என்றான். எண்ணிப் பார்த்தபோது தொண்ணூற்றிரண்டு. மரிக்கொழுந்து இரண்டே இரண்டு.

தெய்வசிகாமணி கடிகாரத்தைப் பார்த்தார். கடல் வற்றி மரிக்கொழுந்துப் பாறை வெளியே தெரிந்தது. இடுக்குகளில் விட்டுப்போன அடிகளிலிருந்து நகக்கண் உயரத்துக்குத் துளிர்கள் வந்திருந்தன.

"நான் சொன்னனா இல்லியா? குத்துக்கோல எடு கரியா."

"வூட்ல கெடக்குது சார்."

"மறந்துட்டியா?"

"இல்ல சார்," என்றான் கரியன். "வெச்சிட்டு வந்தேன்."

இத்தனை வருஷத்தில் அவன் அவருக்குச் சொன்ன முதல் மறுப்பு அது. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் பாறைக்கும் அவருக்கும் நடுவிலிருந்து நகரவில்லை. ஜெபீனாதான் வாயைத் திறந்தாள்.

"சார், அஞ்சு பேருக்கு ஒரு செட்டுன்னு வெச்சா எட்டு செட்டு, எம்பது ஷீட்டு போதும். பாறையில இருக்கிறத ஆளுக்கு ஒண்ணா உக்காந்து பாத்து வரையட்டும். தேர்வாளர் கேட்டா நான் பதில் சொல்றேன். என் கையெழுத்து போட்டுத் தரேன்."

அவர் கடலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் நகராமல் நின்ற கரியனைப் பார்த்தார். அதற்குள் தண்ணீர் ஏறி வந்து பாறையின் ஓரத்தை நனைக்கத் தொடங்கியிருந்தது. "சீக்கிரம் வரையச் சொல்லும்மா, தண்ணி ஏறுது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

தேர்வன்று வந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு டீ எங்கே என்று கேட்டார். இதற்காகத்தான் இவ்வளவு வருஷம் ஒரு பாறையை வழித்தோம் என்று நினைத்தபோது கரியனுக்கு அழுகையே வந்தது. டீயைக் கொண்டுபோய் வைத்தான்.

அடுத்த ஜனவரியில் பஸ்ஸில் ஒரு சீட் காலியாக இருந்தது. "அண்ணியக் கூட்டிக்கினு வாங்க கரியண்ணா" என்றாள் ஜெபீனா. மாரி வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். கரையில் இறங்கியதும் கடலைப் பார்த்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெகுநேரம் நின்றாள்.

கரியன் பாறைப் பக்கம் போகவில்லை. போகப் பயமாக இருந்தது. முதலில் ராக்குவைத் தேடிப் போனான். அவள் வலைப்பையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பாறைய வழிச்சது நான்தாம்மா" என்றான்.

ராக்கு தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்ணே. அன்னைக்கே தெரியும். எங்க ஆளுக அம்புட்டுச் சுத்தமா எடுக்க மாட்டாக. கோல வச்சுக்கிட்டு உக்காந்துருந்தியளே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"பொதச்சதத் தோண்டி எடுத்தியள்ல, அதத் தூர நின்னு பாத்தேன். அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?" வலையை உதறிவிட்டு, "போய்ப் பாருங்க, இப்பத்தேன் வத்தியிருக்கு" என்றாள்.

பாறை முழுசாக மூடியிருக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். நடுவில் இன்னும் ஒரு பாய் அகலத்துக்கு வெறுங்கல்தான். ஆனால் ஓரங்களிலிருந்து மரிக்கொழுந்து விரல் நீளத்துக்கு எழும்பி உள்பக்கமாக வந்துகொண்டிருந்தது. கரியன் தண்ணீரில் முட்டிவரை நின்று அதைத் தடவிக்கொடுத்தான். கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது மாரி ஈர மணலில் குந்தியிருந்தாள். அலை ஒதுக்கிய ஒரு மரிக்கொழுந்தை, சிப்பி கவ்விய அடியோடு கண்டெடுத்திருந்தாள். நுனியை ஒடித்து மடியில் வைத்துக்கொண்டு, அடியை நடுவதற்கு விரலால் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். அவன் கதை கதையாகச் சொன்னதெல்லாம் கைக்குத் தெரியவில்லை, கை மலையில் பழகியதைச் செய்தது. கரியன் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்து அதை வாங்கினான்.

"இதுக்கு மண்ணு வேணாம் மாரி. வா."

அவளைத் தண்ணீருக்குள் கூட்டிப்போனான். பாறையின் வெறும் இடத்தில் ஒரு விரிசல் இருந்தது. சிப்பியோடு அந்த அடியை விரிசலுக்குள் வைத்து, ஒரு சின்னக் கல்லால் ஆப்பு மாதிரி இறுக்கினான்.

"மண்ணே இல்லாம எப்படிங்க பொழைக்கும்?"

"பொழைக்கும். கெட்டியாப் புடிச்சிக்கினா பொழைக்கும்."

மாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு அலை வந்து திரும்பும்போது அவள் பாதத்துக்குக் கீழே இருந்த மணலை உருவிக்கொண்டு போனது. அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அலை வந்து போன பிறகும் விடவில்லை.